பாதையை அளக்கும் பெட்டி

1964-இல் கலிபோர்னியாவின் இரு ஊர்களுக்கிடையே ஒரு தொலைபேசி அழைப்பு நடந்தது. அழைத்தவருக்கும் காது கேட்காது, எடுத்தவருக்கும் கேட்காது.

ஒருவர் ராபர்ட் வைட்பிரெக்ட். இயற்பியலாளர், அமெச்சூர் வானொலியில் கைதேர்ந்தவர். தட்டச்சு செய்த எழுத்துகளை வானொலி அலையில் ஏற்றி அனுப்பும் டெலிபிரின்டர் இயந்திரம் அவருக்கு நெடுநாள் பழக்கம். மற்றவர் பாசடீனாவைச் சேர்ந்த பல்சீரமைப்பு மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். வானொலியில் முடிகிற இந்தக் காரியத்தைத் தொலைபேசியிலும் செய்ய முடிந்தால், காது கேளாதோர் யார் துணையும் இல்லாமல் தொலைவில் உள்ளவர்களோடு உரையாடலாமே என்பது இருவருடைய கனவு.

குறுக்கே நின்றது தொலைபேசி நிறுவனத்தின் விதி. ஏ.டி. அண்டு டி. நிறுவனம் அன்று தன் கம்பியில் வெளியார் கருவி எதையும் இணைக்க விடவில்லை. வைட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை. தொலைபேசி ரிசீவரை அப்படியே தூக்கி வைக்க இரண்டு குழிகள் கொண்ட ஒரு பெட்டியைச் செய்தார். ஒரு குழிக்குள் ஒலிபெருக்கி, மறு குழிக்குள் ஒலிவாங்கி. டெலிபிரின்டரில் ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்துக்குரிய குறியீடு இரண்டே ஒலிகளாக மாறும்: 1 என்றால் 1,400 ஹெர்ட்ஸ், 0 என்றால் 1,800 ஹெர்ட்ஸ். தொலைபேசிக்கு அது வெறும் ஒலி. மறுமுனையில் இருந்த பெட்டி அதைக் கேட்டு மீண்டும் 1, 0 ஆக்கி, காகிதத்தில் எழுத்தாக அச்சிட்டது. வேகம் நொடிக்குச் சுமார் 45 பிட். நிமிடத்துக்கு 60 சொற்கள். நிதானமான உரையாடலுக்கு அது போதும்.

மோடம் செய்கிற வேலை முழுவதும் இந்தக் கதைக்குள் அடங்கியிருக்கிறது. தரவை, கிடைத்த பாதையில் போகக்கூடிய அலையாக மாற்ற வேண்டும். மறுமுனையில் அந்த அலையிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க வேண்டும். முதல் வேலைக்குப் பண்பேற்றம் என்றும் இரண்டாவதற்குப் பண்பிறக்கம் என்றும் பிளஸ் டூ இயற்பியலில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டி, சட்டைப் பையில் இருக்கும் செல்போன், டீக்கடை மேசையில் பணம் வந்ததும் குரல் கொடுக்கும் ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. மாறியது பாதை. பாதை மாறும்போதெல்லாம் மோடமும் மாறியது.

பேச்சுக்குப் போட்ட கம்பி

கணினிகளை இணைக்கும் மோடம், வைட்பிரெக்டின் பெட்டிக்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 1950-களில் அமெரிக்க விமானப்படை தன் ரேடார் நிலையங்களை 'சேஜ்' என்ற வான்பாதுகாப்புக் கணினிகளோடு தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்தது. அந்த அனுபவத்திலிருந்து வணிக மோடம்கள் பிறந்தன. 1960-களின் தொடக்கத்தில் வந்த 'பெல் 103' நொடிக்கு 300 பிட் அனுப்பியது.

கணினியின் 1, 0 மின்துடிப்புகளை நேரடியாகவே கம்பியில் விடக் கூடாதா? விட்டால் போய்ச் சேராது. தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்காகக் கட்டப்பட்டது. 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். அதற்குக் கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் எக்ஸ்சேஞ்சில் வெட்டிவிடுவார்கள். எனவே தரவு அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாறித்தான் பயணம் செய்ய வேண்டும்.

பெல் 103 கையாண்ட வழி எளிமையானது. அழைக்கும் மோடம் 1,070, 1,270 ஹெர்ட்ஸ் என்ற இரு ஒலிகளில் பேசும். பதில் சொல்லும் மோடம் 2,025, 2,225 ஹெர்ட்ஸ் ஒலிகளில் பேசும். இரண்டு ஜோடிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழாததால், ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இருவழியும் தரவு ஓடியது.

வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஒலியை இன்னும் விரைவாக மாற்ற வேண்டும். கம்பியின் குறுகிய அலைவரிசை அதற்கு ஓர் எல்லைக்கு மேல் இடம் தராது. அந்த எல்லையைத் தாண்டப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழிதான் இன்று வரை எல்லா வேக மோடம்களுக்கும் அடித்தளம். ஓர் அலையில் அதிர்வெண்ணை மட்டுமல்ல, உயரத்தையும் மாற்றலாம். அலை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதையும் மாற்றலாம். உயரத்தையும் கட்டத்தையும் சேர்த்து 16 விதமான அலைகளை வகுத்துக்கொண்டால், ஒவ்வோர் அலையும் ஒரே நேரத்தில் 4 பிட்களைச் சுமக்கும். 64 விதம் என்றால் 6 பிட். 256 விதம் என்றால் 8 பிட்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வகைகள் கூடக் கூட ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு மெலிந்துகொண்டே போகும். கம்பியில் சிறு இரைச்சல் கலந்தாலும் மறுமுனை மோடம் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டுவிடும். எத்தனை வகை வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பாதையின் இரைச்சல்தான் தீர்மானிக்கிறது. பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் 1948-இலேயே இதற்குக் கணிதம் எழுதிவிட்டார்: அலைவரிசையின் அகலமும், இரைச்சலை விடச் சமிக்ஞை எவ்வளவு வலுவானது என்ற அளவும் தெரிந்தால், அந்தப் பாதையில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்த வரம்பை எந்தப் பெட்டியாலும் மீற முடியாது.

அதனால்தான் நல்ல மோடம் தரவை அனுப்பும் முன் பாதையை அளக்கிறது.

அந்தக் கீச்சொலி என்ன சொன்னது?

1990-களில் இணையம் பார்த்தவர்களுக்கு டயல்-அப் மோடத்தின் கீச்சொலியும் கரகரப்பும் மறக்காது. பலரும் அதை இயந்திரத்தின் முனகல் என்றே நினைத்தார்கள். உண்மையில் இரண்டு மோடம்கள் முறையாகப் பேசி ஒப்பந்தம் செய்துகொண்ட ஓசை அது.

முதலில் டயல் டோன், பிறகு எண்களை அழுத்தும் ஓசை, பிறகு மணி. மறுமுனை மோடம் எடுத்ததும் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஒலி எழுப்பும். தொலைதூரக் கம்பிகளில் பேசுபவரின் குரலே எதிரொலிக்காமல் இருக்க வைத்திருந்த கருவிகளை அணைக்கும் கட்டளை அது. அடுத்து இரு மோடம்களும் தங்களுக்கு எந்தெந்த முறைகள் தெரியும் என்று சில கீச்சொலிகளில் சொல்லிக்கொள்ளும். பிறகு தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை பல ஒலிகளை ஒரே நேரத்தில் அனுப்பும். எந்த ஒலி முழுதாகப் போய்ச் சேர்ந்தது, எது மெலிந்தது, எதில் இரைச்சல் ஏறியது என்று மறுமுனை அளந்து சொல்லும். கடைசியில் கேட்கும் 'உஷ்' என்ற நீண்ட இரைச்சல், எதிரொலியைக் கழிக்கவும் கம்பியின் குறைகளை ஈடுகட்டவும் இரு மோடம்களும் எடுத்துக்கொள்ளும் பயிற்சி. அது முடிந்ததும் ஸ்பீக்கர் அணைந்துவிடும். லைன் பிஸியாக இருந்தாலோ, தவறான எண்ணுக்குப் போய் ஒரு மனிதர் "ஹலோ" என்றாலோ பயனாளருக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த ஸ்பீக்கரையே வைத்திருந்தார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. வீட்டில் இணையம் ஓடும்போது தொலைபேசி பிஸி. அடுத்த அறையில் யாராவது இணைத் தொலைபேசியை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். இணையக் கட்டணம் தனி, தொலைபேசிக் கட்டணம் தனி.

வேகம் படிப்படியாக ஏறியது: நொடிக்கு 9,600 பிட், 14,400, 28,800, 33,600. ஷானன் வரம்பை ஏறத்தாழத் தொட்டாயிற்று. ஆனால் 1998-இல் வி.90 என்ற தரம் 56,000 பிட்டை எட்டியது. அது வரம்பை மீறவில்லை. பாதையைப் புதிதாகப் பார்த்தது. அதற்குள் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆகிவிட்டன. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றும்போது ஏற்படும் சிறு தோராயம்தான் கம்பியில் பெரிய இரைச்சல். இணைய நிறுவனம் எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக டிஜிட்டல் முறையில் இணைந்துவிட்டால், அங்கிருந்து வீட்டுக்கு வரும் திசையில் அந்தத் தோராயமே நடக்காது. நொடிக்கு 8,000 முறை, முறைக்கு 7 பிட், ஆக 56,000. வீட்டிலிருந்து மேலே போகும் திசையில் பழைய வரம்பு அப்படியே இருந்தது.

அந்த உச்ச வேகத்திலும் 5 மெகாபைட் பாடல் ஒன்று இறங்கச் சுமார் 12 நிமிடம் ஆகும்.

கம்பியே போகாத கிராமங்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்து ஒரு விடை வந்தது. ஐ.ஐ.டி. சென்னையில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மிடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். இணைய வேகம் நொடிக்கு 35,000 அல்லது 70,000 பிட். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் 2001 முதல் இதைக் கொண்டு இணைய மையங்கள் இயங்கின. கண்ணில் குறை உள்ளவர்களைப் படம் பிடித்து அந்த மையங்களிலிருந்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, மருத்துவரின் ஆலோசனை பெற்றார்கள். இன்றைய அளவுகோலில் மிகக் குறைந்த வேகம்தான். ஆனால் கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியவருக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்த அது போதுமானதாக இருந்தது.

செம்பில் ஒளிந்திருந்த இடம்

தொலைபேசிக் கம்பி பேச்சை மட்டும்தான் கடத்தும் என்பது எக்ஸ்சேஞ்ச் வகுத்த எல்லை. செம்பின் எல்லை அல்ல. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை ஓடும் அதே செம்புக் கம்பியில் பத்து லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டியும் அலைகள் போகும். அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தியதுதான் டி.எஸ்.எல். அதன் பரவலான வகை ஏ.டி.எஸ்.எல். நான்காயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு. அதற்கு மேலே சிறு இடைவெளி விட்டு இணையம். இரண்டையும் பிரிக்க 'லைன்', 'போன்', 'மோடம்' என்று மூன்று துளைகள் கொண்ட சிறிய வெள்ளை ஸ்ப்ளிட்டர் கொடுத்தார்கள். இணையம் ஓடும்போதே தொலைபேசியில் பேச முடிந்தது.

இதன் உள்ளே நடப்பது அழகான பொறியியல். ஏ.டி.எஸ்.எல். மோடம் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை 4,312.5 ஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 துண்டுகளாக வெட்டுகிறது. இணைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதிக்கிறது. சுத்தமான துண்டில் அதிக பிட். இரைச்சலான துண்டில் குறைந்த பிட். மோசமான துண்டை அப்படியே விட்டுவிடும். உதாரணமாக, திருச்சி வானொலி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஒலிபரப்புகிறது. அது ஏ.டி.எஸ்.எல். எல்லைக்குள் விழும் இடம். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகே கம்பத்தின் மேல் ஓடும் தொலைபேசிக் கம்பி வானொலி அலையையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மோடம் அந்த இடத்துத் துண்டுகளில் மட்டும் சுமையைக் குறைத்து, மற்றவற்றில் வழக்கம்போல் ஓடும்.

இந்திய அரசின் 2004 அகல அலைவரிசைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தபோது சிறு நகரங்களிலும் வீட்டு இணையம் பரவியது. ஆனால் செம்புக்கு ஒரு குணம்: தூரம் கூடினால் உயர் அதிர்வெண்கள் முதலில் மங்கும். எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருவில் முழு வேகம் கிடைக்கும். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி அதில் சிறு பங்குதான் மிஞ்சும். மழையில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் வேகம் விழும். இடி இடித்தால் கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் மோடத்தையே சுட்டுவிடும். மழைக்காலத்தில் மோடத்தின் வயரைப் பிடுங்கி வைத்தவர்கள் சரியான காரியத்தைத்தான் செய்தார்கள்.

கேபிள் மோடம் செல்வது வேறு பாதை. தொலைக்காட்சிக்காக இழுத்த தடித்த கோஆக்சியல் கேபிளில் ஒரு சேனலுக்குரிய இடத்தை ஒதுக்கினாலே நொடிக்குச் சுமார் 4 கோடி பிட் அனுப்பலாம். 1997-இல் வந்த டாக்சிஸ் என்ற தரம், எந்த நிறுவனம் செய்த கேபிள் மோடமும் எந்த கேபிள் வலையிலும் வேலை செய்ய வழி வகுத்தது. டி.எஸ்.எல். கம்பி ஒரு வீட்டுக்கே சொந்தம். கேபிள் தெருவுக்குப் பொது. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் எல்லோருக்கும் வேகம் குறையும்.

ஒளியில் ஏறிய தரவு

இன்று நகரங்களில் புதிதாக இணைப்பு வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஃபைபர். சுவரில் பொருத்தும் பெட்டிக்கு ஓ.என்.டி. அல்லது ஓ.என்.யூ. என்று பெயர், மக்கள் வழக்கில் அதுவும் மோடம்தான். இங்கே அலை ஒலியும் அல்ல, வானொலியும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஜி-பான் என்ற பரவலான முறையில் வீட்டுக்கு வரும் தரவு 1,490 நானோமீட்டர் ஒளியிலும், வீட்டிலிருந்து போகும் தரவு 1,310 நானோமீட்டர் ஒளியிலும் பயணம் செய்கின்றன. இரண்டும் ஒரே கண்ணாடி இழையில் எதிரெதிரே ஓடினாலும் கலப்பதில்லை.

நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் ஸ்ப்ளிட்டர் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. கீழே வரும் நொடிக்குச் சுமார் 249 கோடி பிட் தரவு எல்லா வீட்டுக்கும் போகும். அவரவர் பெட்டி தன் பங்கை மட்டும் பிரித்தெடுக்கும். மற்றவர் தரவை வாசிக்க முடியாதபடி மறையாக்கம் உண்டு. மேலே போகும் திசையில்தான் நெருக்கடி. இரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் ஒளி விட்டால் இரண்டும் கலைந்துவிடும். அதனால் தெருக் குழாயடியில் குடம் வைத்து முறை போடுவது போல ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்த முறை நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடத் துல்லியமானது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 5 மைக்ரோநொடி எடுக்கும். ஒரு கிலோமீட்டரில் உள்ள வீடும் பத்து கிலோமீட்டரில் உள்ள வீடும் முறை தவறாமல் பேச வேண்டுமென்றால், யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று நிலையத்துக்குத் தெரிய வேண்டும். பெட்டியை ஆன் செய்ததும் 'பான்' விளக்கு சற்று நேரம் மினுக்கிவிட்டு நிலையாக எரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த இடைவெளியில் நிலையம் அந்த வீட்டின் தூரத்தை அளந்து, அதற்கேற்ற தாமதத்தைப் பெட்டிக்குச் சொல்கிறது.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இடிமின்னல் இழை வழியாக வராது. அடாப்டர் வழியாக வரலாம். ஜி-பான் பாதையில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. தெருவில் கரண்ட் போனாலும் வீட்டுப் பெட்டிக்கு ஒரு சிறு யு.பி.எஸ். இருந்தால் இணையம் ஓடும்.

கண்டம் விட்டுக் கண்டம் போகும் ஃபைபரில் பழைய மோடம் உத்தி திரும்ப வந்திருக்கிறது. வீட்டு ஃபைபரில் ஒளியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்தே 1, 0 சொல்கிறார்கள். கடலடிக் கேபிள்களின் முனையில் உள்ள கருவிகளோ, டயல்-அப் காலத்தில் ஒலியில் செய்த அதே உயரமும் கட்டமும் சேர்ந்த பண்பேற்றத்தை ஒளியிலேயே செய்கின்றன.

காற்றில் பேசும் பெட்டிகள்

கம்பி அசையாது, காற்று நொடிக்கு நொடி மாறும். செல்போனுக்குள் இருக்கும் மோடம் சில்லுக்குத்தான் மிகக் கடினமான வேலை. பேருந்தில் போகும் ஒருவரின் போன், கோபுரத்திலிருந்து வரும் அலையின் தரத்தைச் சில மில்லிநொடிக்கு ஒரு முறை அளந்து கோபுரத்துக்கே சொல்கிறது. தரம் நன்றாக இருந்தால் ஓர் அலைக்கு 8 பிட். பாலத்துக்கடியில் நுழைந்தால் 6, 4, 2 என்று குறைந்து, வெளியே வந்ததும் மீண்டும் ஏறும். வீடியோ நிற்காமல் ஓடுவதற்குப் பின்னால் இவ்வளவு பேச்சுவார்த்தை நடக்கிறது. கம்ப்யூட்டரில் சொருகும் யு.எஸ்.பி. டேட்டா கார்டு, கையடக்க ஹாட்ஸ்பாட், மொட்டைமாடியில் பொருத்தும் 5ஜி வீட்டு இணைப்பு ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது இதே வகை மோடம்தான்.

கடைகளில் "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் சிறு செல்லுலார் மோடமும் உள்ளன. இத்தகைய சிறு மோடம்களைக் கட்டுப்படுத்தும் கட்டளை மொழி 1981-இல் பிறந்தது. டென்னிஸ் ஹேஸின் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்மார்ட்மோடம்', கணினியே எண்ணைச் சுழற்றவும் துண்டிக்கவும் வசதியாக 'ஏ.டி.' என்று தொடங்கும் கட்டளைகளை வைத்தது. செல்லுலார் மோடம்கள் அந்த மொழியை அப்படியே எடுத்துக்கொண்டன. 'ஏ.டி.+சி.எஸ்.க்யூ.' என்று கேட்டால், மோடம் தன் சிக்னல் வலுவை 0 முதல் 31 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்லும்.

கோபுரமும் எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள் மோடம். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு அலை ஏறி இறங்கக் கால் நொடி. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. அந்தமான் தீவுகள் பல ஆண்டுகள் இந்தத் தாமதத்தோடும் குறைந்த கொள்ளளவோடும்தான் வாழ்ந்தன. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையைப் போர்ட் பிளேரோடும் வேறு சில தீவுகளோடும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. ஸ்டார்லிங்க் போன்ற சேவைகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே செயற்கைக்கோள்களைச் சுற்ற விடுவதால் தாமதம் வெகுவாகக் குறைகிறது.

மிக நீண்ட பாதையில் இயங்கும் மோடம் வாயேஜர்-1 விண்கலத்தில் இருக்கிறது. 1977-இல் புறப்பட்ட அது 2,400 கோடி கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. சுமார் 23 வாட் ஆற்றலில் அது அனுப்பும் அலை பூமிக்கு வந்துசேர 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு மெலிந்த சமிக்ஞையிலிருந்து பிழையின்றித் தரவெடுக்க நாசா கைக்கொண்ட வழி வேகத்தைக் குறைப்பது: வழக்கமாக நொடிக்கு 160 பிட். ஷானனின் கணிதம் அங்கேயும் செல்லும்.

வாங்குமுன், புகார் சொல்லுமுன்

வீட்டுப் பெட்டியைச் சிலர் மோடம் என்பார்கள், சிலர் ரவுட்டர் என்பார்கள், சிலர் வைஃபை என்பார்கள். மூன்றும் வெவ்வேறு வேலைகள். வெளியிலிருந்து வரும் பாதையோடு பேசுவது மோடம். வந்த இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பங்கிடுவது ரவுட்டர். கம்பியில்லாமல் அறைகளுக்குக் கொண்டுசேர்ப்பது வைஃபை. இன்று மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். அதனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் திணறுகிறோம்.

வேகம் குறைவாகத் தெரிந்தால் முதலில் ஒரு லேன் கேபிளால் கம்ப்யூட்டரை நேரடியாகப் பெட்டியில் இணைத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் முழு வேகம் வந்தால் குறை வைஃபையில்: பெட்டி மூலையில் இருக்கலாம், நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள் இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவரைத் தாண்டத் தடுமாறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். கேபிளிலும் வேகம் வராவிட்டால் குறை பாதையில். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 100 எம்.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 10 கோடி பிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் ஃபைல் இறங்கும் வேகம் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் காட்டும். அது ஏமாற்று வேலை அல்ல. இரண்டு வெவ்வேறு அலகுகள்.

எந்த வகை வாங்கலாம்? ஃபைபர் வருகிற தெருவாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு அதற்கு இணை இல்லை. அடிக்கடி வீடு மாறுகிறவருக்கும், வாடகை வீட்டில் துளை போட முடியாதவருக்கும் 4ஜி, 5ஜி பெட்டி வசதி; வாங்குமுன் அந்த வீட்டுக்குள்ளேயே, வைக்கப் போகும் ஜன்னலோரத்திலேயே, அதே நிறுவன சிம்மை ஒரு போனில் போட்டு மாலை நேரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். மலையிலும் தீவிலும் தோட்டத்து நடுவிலும் வேறு வழி இல்லாதவருக்கே செயற்கைக்கோள்.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் டெக்னீசியன் கையில் ஒளியின் வலுவைக் காட்டும் சிறு மீட்டர் இருக்கும். பச்சைத் தலை கொண்ட கனெக்டரை அதில் சொருகினால் டி.பி.எம். அலகில் ஓர் எண் வரும். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 27 என்றால் பெட்டிக்கு வரும் ஒளி ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. பெரும்பாலான ஜி-பான் பெட்டிகளுக்கு அதுதான் கடைசி எல்லை. மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். இணைப்பு கொடுத்த அன்றே அந்த எண்ணைக் கேட்டுப் போனில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மைனஸ் 19-இல் தொடங்கிய இணைப்பு ஓராண்டு கழித்து மைனஸ் 26 காட்டினால், பெட்டியை மாற்றினாலும் பயன் இருக்காது. கதவிடுக்கில் மடங்கிய ஒயரை நேராக்குவதிலோ, கனெக்டரின் முனையில் படிந்த தூசியைத் துடைப்பதிலோ அந்தக் கோளாறு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.